ஒரே தெரு, பல வரைபடம்

ரைன் ஆற்றின் ஒரு கரையில் ஜெர்மனி, எதிர்க்கரையில் சுவிட்சர்லாந்து. லாஃபென்பூர்க் என்ற இடத்தில் இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒரு பாலம் கட்டின. 2003-ல் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சிக்கல் தெரியவந்தது. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை. 54 சென்டிமீட்டர் வித்தியாசம். ஜெர்மனி உயரத்தை வடகடலின் மட்டத்திலிருந்து அளக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு அடிப்படை மத்தியதரைக் கடல். இரண்டு சுழியங்களுக்கும் இடையே 27 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு என்பது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். அதற்குத் திருத்தமும் போட்டார்கள், ஆனால் எதிர்த்திசையில். 27 இரட்டித்து 54 ஆனது.

இரண்டு நாடுகளுக்கு நடந்த இதே விஷயம் ஒரே நகராட்சிக்குள்ளும் நடக்கும். குடிநீர்ப் பிரிவிடம் ஒரு வரைபடம், மழைநீர் வடிகால் பிரிவிடம் ஒன்று, சொத்து வரிக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அதனதன் வேலைக்குச் சரிதான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால், குழாய் வீட்டுக்குள் ஓடும், மரம் சாலை நடுவில் நிற்கும். எல்லாப் பிரிவுகளும் ஒரே வரைபட மென்பொருளுக்கு மாறுகின்றன என்று செய்தி வரும்போது, உள்ளே தீர்க்க வேண்டிய முதல் கணக்கு இதுதான்.

கணினி வரைபடத்தைப் படம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அது ஓர் அட்டவணை. ஒரு வால்வுக்கு ஒரு வரிசை: அதன் எண், விட்டம், பொருத்திய ஆண்டு, கடைசியாகப் பழுது பார்த்த நாள். கடைசிப் பத்தியில் மட்டும் வழக்கமில்லாத ஒரு மதிப்பு இருக்கும்: அது பூமியில் எங்கே இருக்கிறது என்பது. வால்வு என்றால் புள்ளி, குழாய் என்றால் கோடு, மனை என்றால் மூடிய வடிவம். திரையில் நாம் பார்க்கும் படம், அந்த நேரத்துக்கு அந்த அட்டவணையிலிருந்து வரையப்படுவது. 1960-களில் கனடா தன் பரந்த நிலத்தைக் கணக்கெடுக்க முயன்றபோது, ரோஜர் டாம்லின்சன் இந்த எண்ணத்தை ஓர் இயங்கும் அமைப்பாக்கினார். புவியியல் தகவல் அமைப்பு, சுருக்கமாக ஜிஐஎஸ், அங்கிருந்து வளர்ந்தது.

சரி, இடத்தை எண்ணாக எழுதுவது எப்படி? அட்சரேகை, தீர்க்கரேகை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் பூமி சீரான உருண்டை இல்லை. அதற்கு எந்த வடிவத்தை வைத்துக்கொண்டு, எங்கே பொருத்தி அளந்தோம் என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். ஜிபிஎஸ் பயன்படுத்தும் அடிப்படை ஒன்று. பழைய நில அளவைகள் பயன்படுத்தியவை வேறு. ஜப்பான் 2002-ல் தன் பழைய அடிப்படையைக் கைவிட்டு உலகப் பொது அடிப்படைக்கு மாறியது. டோக்கியோ பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 450 மீட்டர். அதாவது, அடிப்படை எது என்று குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எழுதினால், ஒரே மேன்ஹோலுக்கு அரை கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்கள். நகராட்சியின் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றுபவர்கள் இதைச் சரிசெய்வதில் நிறைய உழைப்பைச் செலவிடுகிறார்கள்.

அப்புறம் இன்னொரு சிக்கல். வளைந்த பூமியைத் தட்டையாக விரித்தால் ஏதாவது ஒன்று நீண்டே தீரும். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் மெர்கேட்டர் வகை முறை தெருக்களின் கோணங்களைக் காப்பாற்றுகிறது, பரப்பளவைக் கைவிடுகிறது. நிலநடுக்கோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். 30 டிகிரி அட்சரேகைக்குப் போனால் நீளம் 15 சதவீதம் கூடும், பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். 60 டிகிரியில் பரப்பு நான்கு மடங்கு. வழி காட்ட இது போதும். ஆனால் அந்த முறையிலேயே பரப்பைக் கணக்கிட்டு வரி போட்டால், 30 டிகிரியில் இருக்கும் 1000 சதுர மீட்டர் மனைக்காரருக்கு சுமார் 1330 சதுர மீட்டருக்கு வரி வரும். அதனால் அளவு எடுக்கும் வேலைக்கு வேறு வகை முறைகள் உண்டு. ஒன்று, உலகத்தை 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டையாக்குகிறது. மண்டலத்தின் நடுவில் பிழை ஒரு கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர்தான். திரையில் காட்ட ஒன்று, அளக்க ஒன்று என்று மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். எது எதற்கு என்று மனிதர்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

எல்லாம் ஒரே நிலத்தில் பொருந்திய பிறகு கிடைப்பதைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். வரிப் பிரிவு ஒரு கட்டடத்தை ஓர் எண்ணால் அழைக்கும், மின்சாரம் மீட்டர் எண்ணால், அஞ்சல் கதவு எண்ணால். இவற்றை இணைக்கும் பொதுப் பெயர் எதுவும் இல்லை. ஆனால் இடம் பொது. இந்த மீட்டர் எந்த மனைக்குள் இருக்கிறது என்று கணினியைக் கேட்டால் போதும். கணினி அதைக் கண்டுபிடிக்கும் வழி பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். புள்ளியிலிருந்து ஒரு பக்கமாக நேர்க்கோடு ஒன்றை நீட்டு. அது மனையின் எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணு. ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. எல்லை எவ்வளவு வளைந்து நெளிந்தாலும் இது வேலை செய்யும். லட்சக்கணக்கான மனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து வடிவங்களை ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டிகளை இன்னும் பெரிய பெட்டிக்குள் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். சம்பந்தமில்லாத பெட்டிகள் திறக்கப்படுவதே இல்லை. ஆர்-ட்ரீ எனப்படும் இந்த முறையை 1984-ல் அன்டோனின் கட்மன் முன்வைத்தார்.

குழாய் வலையமைப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு குழாய் வெடித்தால் எந்த வால்வுகளை மூட வேண்டும்? எந்தெந்த வீடுகளில் தண்ணீர் நிற்கும்? மென்பொருள் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போய் பதில் சொல்லும். ஆனால் வரைந்தவர் இரண்டு குழாய்களின் முனைகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் கண்ணுக்கு அது தெரியாது, கணினிக்கு அங்கே பாதை அறுந்துவிடும். அதற்கு அப்பால் இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் வருவதே இல்லை என்று அது நினைக்கும். ஆகவே முனைகளை ஒட்டவைக்கும் விதிகளை மென்பொருளிலேயே எழுதிவிடுகிறார்கள்: இத்தனை சென்டிமீட்டருக்குள் வந்தால் இணைத்துவிடு, இரண்டு மனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சேமிக்க விடாதே.

இவ்வளவும் தொழில்நுட்பம். பகிர்வு என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் ஒரே மென்பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிரிவுக்கு ஒரு நகல் என்று வைத்துக்கொண்டால், ஆறே மாதத்தில் பழையபடி பல வரைபடங்கள்தான். ஒவ்வோர் அடுக்குக்கும், அதாவது சாலை, குழாய், மனை என்று ஒவ்வொரு வகைத் தகவலுக்கும், ஒரே ஒரு உரிமையாளர் வேண்டும். சாலையின் நடுக்கோட்டைச் சாலைப் பிரிவு மட்டும் திருத்தட்டும். மற்றவர்கள் அதை நேரலையாகப் பார்க்கட்டும். யாரும் தங்கள் பக்கம் நகல் எடுத்து வைக்க வேண்டாம். என் கருத்தில் மென்பொருள் தேர்வைவிட இந்த ஏற்பாடுதான் முக்கியம். எல்லோரும் ஒரே மென்பொருள் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. 1994-ல் உருவான ஓபன் ஜியோஸ்பேஷியல் கூட்டமைப்பு வகுத்த பொது விதிகளின்படி, ஒரு மென்பொருளின் அடுக்கை இன்னொன்று வலைவழியே கேட்டு வாங்கலாம். 2001-ல் வந்த போஸ்ட்ஜிஐஎஸ், 2002-ல் தொடங்கிய கியூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் அதே மொழியில் பேசுகின்றன.

பொது வரைபடம் தயாராக இருப்பதன் அருமை 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க்கில் தெரிந்தது. நகரின் அவசரகால மையம் உலக வர்த்தக மையத்தின் 7-ஆம் கட்டடத்தில் இருந்தது. அந்தக் கட்டடமும் அன்றே இடிந்தது. ஆனால் வான்படங்களை வைத்து உருவாக்கிய பொது அடிப்படை வரைபடம் நகரத்திடம் ஏற்கெனவே இருந்தது. ஹட்சன் ஆற்றுத் துறையான பியர் 92-ல் ஒரு வரைபட மையத்தை அமைத்து, மீட்புப் பணிக்கு வேண்டிய தாள்களை அச்சிட்டுக்கொடுத்தார்கள். அந்த அடித்தளம் இல்லையென்றால் எந்தப் பிரிவின் தகவலை எதன் மேல் வைத்திருப்பார்கள்?

பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியன் என்ற இடத்தில் 2004 ஜூலை 30 அன்று, கட்டுமான வேலையில் முன்பே அடிபட்டிருந்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். 2008-ல் அந்நாட்டின் ஃபிளாண்டர்ஸ் பகுதி ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளம் தோண்டப் போகிறவர் கிளிப் என்ற இணையதளத்தில் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அங்கே குழாயோ கம்பியோ வைத்திருக்கும் எல்லோரும் தங்கள் வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். பெரிய பொதுக் கிடங்கு எதுவும் தேவைப்படவில்லை. தரவு அவரவரிடமே இருக்கிறது, கேள்விதான் பொது.

அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி ஒன்று உண்டு. பலரும் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். இந்தக் கோடு எவ்வளவு நம்பகமானது என்று சொல்லும் பத்தி அது. பழைய தாளைப் பார்த்து வரைந்ததா, மண்ணுக்கு மேலிருந்து கருவியால் தேடி ஊகித்ததா, குழாய் கண்ணுக்குத் தெரியும்போது அளந்ததா? மூன்றும் திரையில் ஒரே கனமுள்ள நீலக் கோடாகத்தான் தெரியும். முதலாவதில் ஒரு மீட்டர் தள்ளிப்போயிருக்கலாம், மூன்றாவதில் சில சென்டிமீட்டர்தான். அந்த மூன்றாவது வகை அளவைப் பள்ளம் திறந்திருக்கும்போது மட்டுமே எடுக்க முடியும். மண் தள்ளி மூடுவதற்கு முந்தைய சில நிமிடங்களில், கைக்கருவியோடு ஒருவர் குழாயின் மேல்விளிம்பில் நின்று அதன் இடத்தையும் ஆழத்தையும் பதிவு செய்ய வேண்டும்.