சிவில் சொசைட்டி: குடிமைச் சமூகமா, நாகரிகச் சமூகமா?

சிவில் சொசைட்டி: அரசும் அல்லாத, இலாபம் தேடும் வணிக நிறுவனமும் அல்லாத இடத்தில் மக்கள் தாமாகக் கூடி அமைத்துக்கொள்ளும் சங்கங்கள், இயக்கங்கள், மன்றங்கள் ஆகியவற்றின் தொகுப்பு. தமிழில் குடிமைச் சமூகம், சிவில் சமூகம், குடிசார் சமூகம் என்று மூன்று வடிவங்கள் வழங்குகின்றன.

செய்தித்தாள் படிக்க இந்த விளக்கம் போதும். 1767இல் எடின்பரோவில் வெளியான ஒரு நூலைப் படிக்க இது உதவாது, குழப்பவே செய்யும். ஸ்காட்லாந்தின் வரலாற்றாசிரியரும் மெய்யியலாளருமான ஆடம் ஃபெர்கூசன் தம் முதன்மை நூலுக்கு ‘சிவில் சொசைட்டியின் வரலாறு பற்றிய ஒரு கட்டுரை’ என்று பெயரிட்டார். அதில் இன்றைய தொண்டு நிறுவனங்களின் வரலாற்றைத் தேடினால் ஒரு பக்கம்கூடத் தேறாது. அவர் சொல்லும் சிவில் சொசைட்டிக்குள் அரசும் அடக்கம், சந்தையும் அடக்கம், படையும் அடக்கம்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘சிவிஸ்’ என்றால் குடிமகன். அதன் பெயரடை ‘சிவிலிஸ்’. அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் தொடக்கத்திலேயே நகர அரசைக் ‘கொய்னோனியா பொலிட்டிக்கே’ என்கிறார். நகர அரசாக அமைந்த கூட்டுவாழ்வு என்று பொருள். இதற்கு இணையாக ‘சொசியெட்டாஸ் சிவிலிஸ்’ என்ற இலத்தீன் தொடர், 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லியோனார்தோ புரூனி செய்த அந்நூலின் மொழிபெயர்ப்பு வழியாக ஐரோப்பாவில் வேரூன்றியது. சட்டமே சிவில் சொசைட்டியின் பிணைப்பு என்று பண்டைய ரோமின் சிசெரோ அதற்கு வெகுகாலம் முன்பே எழுதியிருந்தார். ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கின் அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரையில் ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பே ‘அரசியல் அல்லது சிவில் சமூகம் பற்றி’. அந்த ‘அல்லது’ முக்கியமானது: 17ஆம் நூற்றாண்டுவரை அரசும் சிவில் சொசைட்டியும் ஒரே பொருளின் இரு பெயர்கள்.

அப்படியானால் இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் எது? சிவில் என்று தொடங்கும் எந்தத் தொடரையும் மொழிபெயர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சிவில் என்பதற்குத் தனியாக நிற்கும் பொருள் குறைவு. எதிரே எதை வைக்கிறோமோ அதுவே அதன் பொருளைத் தீர்மானிக்கும். குற்றவியலுக்கு எதிரே வைத்தால் அது உரிமையியல். நீதிமன்றத் தமிழ் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. வெளிநாட்டோடு நடக்கும் போருக்கு எதிரே வைத்தால் உள்நாட்டுப் போர். ‘சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்’ சட்டமறுப்பு ஆனபோது சிவில் என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். யாருக்கும் குறை தெரியவில்லை. சிவில் எஞ்சினியரிங், படைத்துறைப் பொறியியலிலிருந்து தன்னைப் பிரித்துக்காட்ட வைத்துக்கொண்ட பெயர். தமிழ்நாட்டில் அது கட்டடப் பொறியியல் என்றும் கட்டுமானப் பொறியியல் என்றும் செய்யும் வேலையைச் சொல்லி நிற்கிறது. இலங்கையில் குடிசார் பொறியியல் என்று வேரைச் சொல்லி நிற்கிறது. சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷனோ நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆகிவிட்டது. ஒரே சொல்லுக்கு இத்தனை தமிழா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ‘குடிமை’ என்று ஒட்டவைத்திருந்தால்தான் சலித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

ஃபெர்கூசனிடம் சிவில் என்பதற்கு எதிரே நிற்பது ‘ரூட்’. இன்றைய ஆங்கிலத்தில் இது மரியாதையற்ற நடத்தையைக் குறிக்கும். அவர் காலத்தில் இலத்தீன் ‘ருடிஸ்’ தந்த பொருள் அதில் இன்னும் உயிரோடு இருந்தது: வேலைப்பாடு செய்யப்படாதது, செப்பம் செய்யாதது. எனவே அவருடைய ‘ரூட் நேஷன்ஸ்’ முரட்டு நாடுகள் அல்ல, செப்பமுறாத சமூகங்கள். இவற்றை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். சொத்து என்ற ஒன்றையே இன்னும் அறியாதவர் ஒரு வகை. சொத்தின்மேல் ஆசையும் கவலையும் வந்துவிட்டது, ஆனால் அதை வரையறுக்கச் சட்டம் வரவில்லை என்றால் அடுத்த வகை. சட்டம் வந்து, ஆட்சி நிலைபெற்று, தொழில்கள் பிரிந்து வளர்ந்த நிலையே சிவில் சொசைட்டி.

இந்தப் பிரிவினையை நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் அவர் செய்துவிடவில்லை. 1723இல் பெர்த்ஷயரின் லாஜிரெய்ட்டில், ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலண்ட் பகுதியின் விளிம்பில் பிறந்தவர். ஹைலண்ட் மக்களின் கேலிக் மொழி தெரியும் என்பதால் ‘பிளாக் வாட்ச்’ என்ற ஹைலண்ட் படைப்பிரிவில் மதகுருவாகச் சேர்ந்தார். 1757இல் மெய்யியலாளர் டேவிட் ஹியூமுக்குப் பின் எடின்பரோ வழக்கறிஞர் நூலகத்தின் காப்பாளர். 1759இல் பல்கலைக்கழகத்தில் இயற்கை மெய்யியல் பேராசிரியர். 1764 முதல் அறவியல் பேராசிரியர். குலக்குழுக்களின் ஹைலண்டும் வணிகம் செழித்த எடின்பரோவும் அவருக்குச் சில நாள் பயணத் தொலைவில் இருந்த இரண்டு உலகங்கள். அதனால்தானோ என்னவோ, செப்பமுற்ற சமூகத்தை அவர் கைதட்டி வரவேற்கவில்லை. நூலின் ஆறு பகுதிகளில் கடைசி இரண்டும் சரிவையும் சீர்கேட்டையும் பற்றியவை. தொழிற்பிரிவினை செல்வத்தைப் பெருக்கும், ஆனால் பட்டறையை ஓர் எந்திரமாகவும் மனிதரை அதன் உறுப்புகளாகவும் ஆக்கிவிடும் என்று எழுதினார். அந்த வரியை மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எடுத்தாண்டார். போரிடும் வேலையைக் கூலிப்படையிடம் விட்டுவிட்ட குடிமகன் பாதிக் குடிமகன் என்பது அவருடைய நிலையான கவலை. 1756இலேயே குடிமக்கள் படை வேண்டும் என்று வாதாடித் துண்டு நூல் எழுதியவர். ஹியூமுக்கோ இந்தக் கட்டுரை நூல் பிடிக்கவே இல்லை.

இன்றைய பொருளில் படிப்பவர் இடறும் இடம் இன்னொன்று உண்டு. இன்றைய குடிமைச் சமூக அமைப்புக்குப் பதிவு எண், நோக்கம், செயற்குழு எல்லாம் உண்டு, திட்டமிட்டுத் தொடங்கப்படுவது. ஃபெர்கூசனின் சிவில் சொசைட்டியை யாரும் திட்டமிடவில்லை. நாடுகள் அமைப்புகளின்மேல் தற்செயலாய்த் தடுக்கி விழுகின்றன, அவை மனிதச் செயலின் விளைவே தவிர மனிதத் திட்டத்தின் நிறைவேற்றம் அல்ல என்பது அவருடைய புகழ்பெற்ற கூற்று. 20ஆம் நூற்றாண்டில் பொருளியலாளர் ஹயெக் இதைத் தம் கொள்கைக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார்.

பொருள் திரிந்தது ஜெர்மனியில். ஃபெர்கூசன் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1768இலேயே வந்துவிட்டது. அங்கு சிவில் சொசைட்டிக்கு வழங்கிய தொடர் ‘பியூர்கர்லிஷே கெசெல்ஷாஃப்ட்’. பியூர்கர் என்றால் குடிமகன். நகரத்து நடுத்தர வர்க்கத்தவனும் அதே பியூர்கர்தான். ஹெகல் 1820களின் தொடக்கத்தில் வெளிவந்த தம் ‘உரிமையின் மெய்யியல்’ நூலில் குடும்பம், பியூர்கர்லிஷே கெசெல்ஷாஃப்ட், அரசு என மூன்றாகப் பிரித்தபோதுதான் அரசு வெளியே போனது. மார்க்ஸிடம் அதே தொடர் சில இடங்களில் சிவில் சமூகம், சில இடங்களில் முதலாளிய சமூகம். இருபதாம் நூற்றாண்டுச் சிறைக் குறிப்பேடுகளில் இத்தாலிய மார்க்சியர் கிராம்சி பள்ளி, தேவாலயம், பத்திரிகை ஆகியவற்றை இதற்குள் கொண்டுவந்தார். 1980களில் போலந்தின் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்க இயக்கத்தோடு, அரசுக்கு எதிரே நிற்கும் மக்கள் அமைப்புகள் என்ற இன்றைய பொருள் உலகெங்கும் பரவியது.

இனித் தமிழுக்கு. இன்றைய பொருளுக்குக் குடிமைச் சமூகம் தமிழ்நாட்டில் நிலைத்துவிட்டது, மாற்றத் தேவையில்லை. ஆனாலும் ‘குடிமை’ பழுதில்லாத சொல் என்று நினைத்துவிட வேண்டாம். திருக்குறளின் 96ஆம் அதிகாரம் ‘குடிமை’. அங்கே பொருள் குடிப்பிறப்பின் உயர்வு. சோழர் கல்வெட்டுகளில் குடிமை என்பது குடிகள் செலுத்த வேண்டிய கடப்பாடு, வரியும் உழைப்பும் சேர்ந்தது. யாழ்ப்பாணச் சாதி அமைப்பில் அது சில சாதியினர்மேல் சுமத்தப்பட்ட அடிமைச் சேவகத்தின் பெயர். சுதந்திரமாகக் கூடும் மக்களைக் குறிக்க இந்தப் பின்னணியுள்ள சொல் அங்கே உறுத்தும். ஈழத்தில் ‘சிவில் சமூகம்’ என்றே வழங்குகிறது; தமிழ் சிவில் சமூக அமையம் என்று அமைப்பின் பெயரிலேயே அது நிற்கிறது. இலங்கை எழுத்தைப் பதிப்பிக்கும் தமிழ்நாட்டுப் பதிப்பாசிரியர்கள் அதைக் ‘குடிமை’ என்று திருத்தாமல் விடுவது நல்லது.

ஃபெர்கூசனுக்கு ‘நாகரிகச் சமூகம்’ பொருந்தும். நகரிலிருந்து நாகரிகம் வந்தது போலவே, குடிமகனிலிருந்து சிவிலும் நகர அரசிலிருந்து பொலிட்டிக்கேயும் வந்தன. நாகரிகத்தை ஆடம்பரம், பாணி என்று மட்டும் எடுத்துக்கொள்ளும் பேச்சுவழக்கு இங்கே ஒரு தொல்லை. ஆனால் பழைய பொருள் வேறு. ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்ற 580ஆம் குறளில் அது பிறரோடு பழகும் பண்பு, கண்ணோட்டம். 1772இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் ‘சிவிலைசேஷன்’ என்ற புதுச்சொல்லைச் சேர்க்க மறுத்து, ‘சிவிலிட்டி’ போதும் என்றார். வள்ளுவரின் நாகரிகம் அந்தச் சிவிலிட்டி. ஜான்சன் மறுத்த சொல்லையோ ஃபெர்கூசன் ஐந்தாண்டு முன்பே தம் நூலின் முதல் பக்கங்களில் கையாண்டிருந்தார்.

அதே நூலில் ‘பாலிஷ்ட்’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். அதன் வேர்ப்பொருளைப் பார்த்தால் முதலில் அது நாடுகளின் சட்டத்தையும் ஆட்சியையும் குறித்திருக்க வேண்டும் என்கிறார் ஃபெர்கூசன். சொற்பிறப்பு இங்கே தவறு. ‘பாலிஷ்’ வந்தது தேய்த்து மெருகேற்றுவதைச் சொல்லும் ‘பொலிரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து. நகர அரசைக் குறிக்கும் கிரேக்கப் ‘போலிஸ்’ அதற்கு உறவு இல்லை. மொழிபெயர்ப்பில் ‘செப்பமுற்ற’ என்று போட்டால் ‘செப்பமுறாத’ என்ற எதிர்ச்சொல்லோடு இணையாகும், ஆனால் அவர் செய்யும் வேர்ச்சொல் வாதம் தமிழில் காணாமல் போகும். அந்த ஒரு பத்தியில் மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தந்து அடிக்குறிப்பு இடுவதைத் தவிர வழியில்லை. ஹெகல், மார்க்ஸ் மொழிபெயர்ப்புகளில் பியூர்கர்லிஷ் வரும் ஒவ்வோர் இடத்திலும் குடிமையா முதலாளியமா என்று தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிட்டால் அடுத்த வாசகருக்கு வாதம் புரியாமல் போகும்.