போர்ஷன் முடிந்தது சரி, பிள்ளைக்கு 307 எழுத வருகிறதா?

ஆண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், "போர்ஷன் முடிச்சாச்சு" என்கிறது பள்ளி. பெற்றோருக்கும் நிம்மதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'முந்நூற்று ஏழு' எழுதச் சொன்னால் 3007 என்று எழுதுகிறது. எத்தனை பிள்ளைகள்!

பாடநூலை முடிப்பது அரசு வகுத்த தரத்தை எட்டுவது ஆகாது. கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் மூன்றும் வேறு வேறு. எதற்காக, எந்த வயதில், எப்படிக் கற்பிப்பது என்பதைச் சொல்வது கலைத்திட்டச் சட்டகம். தேசிய அளவில் கடைசியாக 2005லும் 2023லும் வந்தது. எந்த வகுப்பில் எந்தத் தலைப்பு என்பது பாடத்திட்டம். அதைக் கற்பிக்க உதவும் கருவிகளில் ஒன்றுதான் பாடநூல். 'தேசியக் கலைத்திட்டத்தின்படி' என்று தனியார் நூல் அட்டையில் அச்சிட்டிருந்தால் அது பதிப்பாளரின் வாசகம், அரசின் முத்திரை என்று எண்ணிவிடாதீர்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி, தொடக்கக் கல்விக்குக் கலைத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் வகுப்பது அந்தந்த அரசு அறிவிக்கும் கல்வி அமைப்பு. தமிழ்நாட்டில் அது எஸ்சிஇஆர்டி (மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்). தேசிய அளவில் என்சிஇஆர்டி (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகம்). சிபிஎஸ்இயோ தேர்வு நடத்தும் வாரியம்.

2017இல் வகுப்புவாரியான கற்றல் விளைவுகளும், அதாவது அந்த வகுப்பில் பிள்ளை எதையெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும், இந்தச் சட்டத்தின் மத்திய விதிகளில் சேர்ந்தன. என்சிஇஆர்டி பட்டியலில் மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு உரியவற்றில் ஒன்று: இடமதிப்பைக் கொண்டு 999 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். பக்க எண் எதுவும் அதில் இல்லை.

3007 ஏன் வருகிறது? 'முந்நூற்று' காதில் விழுந்ததும் 300 எழுதி, 'ஏழு' கேட்டதும் பக்கத்தில் 7ஐ ஒட்டுகிறது பிள்ளை. பத்துகளின் இடம் காலி என்பதைக் காட்டத்தான் பூஜ்ஜியம் என்பது மனத்தில் பதியவில்லை. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையே வைத்துத் தேர்வு நடத்தினால் இது வெளியே தெரியாது; விடை மனப்பாடமாகியிருக்கும்.

ஆசிரியர்களே, நூறு குச்சிக் கட்டு மூன்றையும் தனிக்குச்சி ஏழையும் மேசையில் வையுங்கள். நடுவில் பத்துக் கட்டுக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு 370, 703, 730 என்று வாய்மொழியாகச் சொல்லி எழுத வையுங்கள். ஒவ்வொரு கற்றல் விளைவுக்கும் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றாவது வினாத்தாளில் இருக்கட்டும்.

பெற்றோரே, எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதை விடுங்கள். வகுப்புக்குரிய கற்றல் விளைவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வாரியம் மாற்றும்போது பாடத் தலைப்புகளை ஒப்பிடாமல் இந்தப் பட்டியல்களை ஒப்பிடுங்கள். தயவுசெய்து, கோடை விடுமுறையிலேயே நான்காம் வகுப்புப் புத்தகத்தைப் பிள்ளை கையில் திணிக்காதீர்கள். முதலில் 307 சரியாக வரட்டும்.