‘நியாயமான நேரங்களில் பார்க்கலாம்’ என்ற ஒரு வரி

பரஸ்பர சம்மத விவாகரத்து மனு ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். நகை, சீர்ப் பாத்திரம், ஜீவனாம்சத் தொகை, யார் பெயரில் இருக்கும் பைக்கை யார் வைத்துக்கொள்வது என்பனவற்றுக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கும். பிள்ளைக்கு ஒரு வரிதான் இருக்கும்: ‘குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும், தந்தை நியாயமான நேரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.’ உதகையிலும் குன்னூரிலும் குடும்ப வழக்குகளை நடத்திவரும் நானும் தொழிலின் தொடக்கத்தில் அதே வரியைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அன்றைக்குச் சண்டை முடிந்து எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர்களில் பாதிப் பேர் ஜி.டபிள்யூ.ஓ.பி. எனப்படும் குழந்தைப் பொறுப்பு வழக்கின் கட்டோடு திரும்பி வந்துவிடுவார்கள்.

எது நியாயமான நேரம்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. விடியலில் பஸ் ஏறினாலும் அவர் கோத்தகிரி வந்து சேரும்போது உச்சிப் பொழுது நெருங்கிவிடும். தாய்க்கோ பன்னிரண்டு மணிக்குள் பிள்ளை வீடு திரும்பிவிட வேண்டும் என்பதே நியாயம். இருவரும் பொய் சொல்லவில்லை. மனுவில் எழுதப்பட்ட சொல்லுக்குத்தான் பொருள் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தையையும் ‘அவருக்குப் பின்’ தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ‘அவருக்குப் பின்’ என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பேற்காத நிலையும் அதில் அடங்கும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. எனினும் 13ஆம் பிரிவின்படி குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது. ஆகவே ‘அப்பாவுக்குத்தான் உரிமை’, ‘அம்மாவுக்குத்தான் உரிமை’ என்று வீட்டுத் திண்ணையில் பேசப்படுவது எதுவும் நீதிமன்றத்தில் அப்படியே செல்லாது. பிள்ளைக்கு இத்தனை வயதாகிவிட்டால் அதுவே முடிவெடுக்கலாம் என்பதும் தவறான நம்பிக்கை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் வயது எதையும் குறிப்பிடவில்லை. அறிவோடு விருப்பத்தைச் சொல்லும் பக்குவம் இருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்று மட்டுமே சொல்கிறது. கிறித்தவர்களுக்கும் இசுலாமியர்களுக்கும் சட்டப் பிரிவுகள் வேறு. ஆனால் அங்கும் குழந்தையின் நலனைப் பார்த்துத்தான் தீர்ப்பு வரும்.

பிள்ளையின் விருப்பம் என்றதும் எனக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வரும். தகப்பனுக்காக நான் ஆஜரானேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் தாய் குழந்தையை ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. தொடர்ந்து மூன்று முறை, ஏழு வயதுப் பெண் வர மாட்டேன் என்று அழுது புரண்டிருக்கிறாள். தாய் குழந்தையின் மனத்தைக் கெடுத்துவிட்டார் என்று நான் மனுவில் எழுதினேன். நானும் அதை நம்பித்தான் எழுதினேன். சமரச மையத்தில் இருந்த மத்தியஸ்தர் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையிடம் பத்து நிமிடம் பேசினார். பிறகு எங்களை அழைத்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்: “அப்பாவைப் பிடிக்கும். பஸ்தான் பிடிக்காது.”

மலைப்பாதை வளைவுகளில் அவளுக்கு ஒவ்வொரு முறையும் வாந்தி வரும். தாய் அவள் கையில் எலுமிச்சம்பழத்தையும் பிளாஸ்டிக் பையையும் கொடுத்துத்தான் பஸ்ஸில் ஏற்றுவார். கீழே இறங்கும்போது ஸ்வெட்டரும் குல்லாவும் வியர்வையிலும் வாந்தியிலும் நனைந்திருக்கும். தகப்பனைப் பார்க்கும் முதல் அரை மணி நேரம் முகம் கழுவுவதிலேயே போகும். மாலையில் மறுபடியும் அதே பாதையில் மேலே ஏற வேண்டும். அவள் மறுத்தது இந்தப் பயணத்தைத்தான். அதைத் தகப்பன் தன்னை வெறுப்பதாக எடுத்துக்கொண்டார், தாய் தன் பக்கம் நிற்பதாக எடுத்துக்கொண்டார், நான் மனுவாக எடுத்துக்கொண்டேன். சந்திப்பைக் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு மாற்றி, தகப்பன் மேலே வருவதென்றும், பள்ளி விடுமுறையில் மட்டும் குழந்தை ஒரு வாரம் கீழே போய்த் தங்குவதென்றும் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஜாயிண்ட் மெமோ போட்டோம். அதற்குப் பிறகு அந்தக் கட்டில் புதிய ஐ.ஏ. (இடைக்கால மனு) எதுவும் சேரவில்லை.

அதிலிருந்து, சந்திப்பு நேரத்தை எழுதும்போது நான் மலையையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் குன்னூர்ப் பாதையோ கோத்தகிரிப் பாதையோ அடைபடும். அப்படி அடைபட்ட ஒரு சனிக்கிழமை, பிள்ளையைக் கொண்டுவராத தாயின் மீது உத்தரவை மீறியதாக மனு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் ‘மாவட்ட நிர்வாகம் மழை விடுமுறை அறிவித்தாலோ, பாதை அடைபட்டாலோ, முந்திய இரவு எட்டு மணிக்குள் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், தவறிய நாளுக்கு ஈடாக அடுத்த சனிக்கிழமை தரப்பட வேண்டும்’ என்று ஒரு ஷரத்து இப்போது கட்டாயம் சேர்க்கிறேன்.

கோடை சீசனில் வேறு சிக்கல். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் நீலகிரிக்குள் வர முடியும். 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. பிள்ளையைப் பார்க்க வரும் தகப்பனும் சோதனைச் சாவடியில் சுற்றுலாப் பயணிதான். கோடைச் சந்திப்புத் தேதிகளை முன்னதாகவே குறித்துவிட்டால் பாஸை எடுத்து வைத்துக்கொள்ளலாம். முடியாதவர் அரசுப் பேருந்தில் வரலாம்.

பண்டிகைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘முக்கியப் பண்டிகைகள்’ என்று எழுதினால் தீபாவளி யாருக்கு என்று ஐப்பசியில் அடித்துக்கொள்வார்கள். நீலகிரியின் படுகர் சமுதாயக் குடும்பங்களில் மார்கழியில் வரும் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பிள்ளை எந்த ஊரில் இருக்கும் என்பது தீபாவளியைவிடப் பெரிய கேள்வி. சமவெளி வழக்கறிஞர்கள் தயாரிக்கும் மனுக்களில் அது இருப்பதே இல்லை. வீடியோ அழைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்கு இவ்வகைத் தொடர்பு வேண்டும் என்று யஷிதா சாகு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றமே வலியுறுத்தியிருக்கிறது. ஆனால் எந்த எண்ணில், எத்தனை மணிக்கு, சிக்னல் போய்விட்டால் மறுநாள் எப்போது என்பதையும் எழுத வேண்டும்.

இனி, கசப்பான விஷயம். ‘பணம் வரவில்லை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்’ என்று தாயும், ‘பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தர மாட்டேன்’ என்று தந்தையும் சொல்வது எங்கள் அலுவலகத்தில் வாரந்தோறும் கேட்கும் வசனம். சட்டத்தில் இவை இரண்டும் தனித்தனி. பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உரிய தொகையைப் பார்வை நேரத்துக்கான நுழைவுச் சீட்டாக்க முடியாது. தொகை பாக்கி என்பதற்காகத் தாயே சந்திப்பை நிறுத்தவும் முடியாது. பாக்கிக்கு நிறைவேற்று மனு போட வேண்டும். சந்திப்பு தடைபட்டால் அதற்குத் தனி மனு போட வேண்டும்.

அடி உதை இருந்த வீடுகளின் கதை வேறு. அங்கே ‘இருவரின் அன்பும் வேண்டும்’ என்று சமாதானம் பேசுவதை நான் ஏற்பதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்க நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அதிகாரம் தருவதோடு, சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று தோன்றினால் அதை அனுமதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அவ்வளவு தூரம் போகாத வழக்குகளில் மூன்றாம் நபர் உடனிருக்கும் சந்திப்பைக் கேட்கலாம். ஆனால் உடனிருப்பவர் பிள்ளைக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் பேசி முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. சில சமுதாயங்களின் வழக்கப்படி நடந்த மணமுறிவை நிரூபிக்க இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு இடம் தருகிறது என்றாலும், குழந்தை யாரிடம் இருப்பது என்பதை அந்தத் தாள் இறுதியாக முடிவுசெய்துவிடாது. மனு போடும் இடமும் முக்கியம்: 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அங்குள்ள நீதிமன்றம்தான். அம்மாவோடு மலையில் படிக்கும் பிள்ளைக்காகத் திருப்பூரில் வழக்குப் போட்டு, அதிகார வரம்பு இல்லை என்று மனு திரும்பி வரும்வரை காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். செலவுக்கு வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

ஒருமுறை எழுதிய ஏற்பாடு காலத்துக்கும் கட்டிப்போடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பிள்ளை குறித்த உத்தரவுகளைக் காலத்துக்குக் காலம் மாற்றலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவே சொல்கிறது. பஸ் பிடிக்காத அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. புதன்கிழமை மாலையில் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது, வீடியோ அழைப்பை ஏழிலிருந்து எட்டு மணிக்கு மாற்ற வேண்டும் என்று அவளுடைய பெற்றோர் சேர்ந்து வந்து கேட்டார்கள். மெமோ ஒரு பக்கம்கூட வரவில்லை.