டி.ஓ.வி. எல்லை: சொல் விளக்கம்

சந்திரசேகர் எல்லையைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் எச்சமான வெண்குறு விண்மீன், சூரியனின் நிறையைப் போலச் சுமார் 1.4 மடங்கு வரைதான் தாங்கும். அதைவிட அடர்த்தியான, பெரும்பாலும் நியூட்ரான் துகள்களால் ஆன நியூட்ரான் விண்மீனுக்கும் அப்படி ஓர் உச்சம் உண்டு. டோல்மன், ஓப்பன்ஹைமர், வோல்கோஃப் என்ற மூவர் பெயரால் அது டி.ஓ.வி. எல்லை. அதைத் தாண்டினால் விண்மீன் கருந்துளையாகச் சரிந்துவிடும்.

முதலில் ‘நியூட்ரான்’. இலத்தீனில் ‘இரண்டில் எதுவும் அன்று’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. மின்னூட்டம் இல்லாத துகள் அல்லவா! தமிழில் நொதுமி என்கிறார்கள். சங்க அகப்பாடல்களில் பெண் கேட்டு வரும் அயலாரை நொதுமலர் என்பார்கள். நொதுமல் என்றால் நட்பும் பகையும் இல்லாத நிலை. எனக்குப் பிடித்த கலைச்சொற்களில் இது ஒன்று.

சரி, அந்த உச்சம் எவ்வளவு? 1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்கோஃபும் போட்ட கணக்கில் வந்த விடை சுமார் 0.7 சூரிய நிறை. டோல்மனின் ஆய்வு அதற்குத் துணை நின்றது. ஈர்ப்பு உள்ளே இழுக்க, அழுத்தம் வெளியே தள்ளுகிறது என்பது பழைய கதை. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில் அந்த அழுத்தமே ஈர்ப்பையும் கூட்டும். தாங்கிப் பிடிக்க வந்தவனே தோளில் ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி! அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் பயனில்லை.

ஆனால் 0.7 மிகக் குறைவு. நொதுமிகள் மிக நெருங்கும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் அணுக்கரு விசை அந்தக் கணக்கில் இல்லை. அதையும் சேர்த்தால் வரம்பு உயர்கிறது. ஜே0740+6620 என்ற துடிவிண்மீனின் (சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர்வீசும் நொதுமி விண்மீன்) நிறை சுமார் 2.08 சூரிய நிறை என்று அளந்திருக்கிறார்கள். ஆக உச்சம் அதற்குக் கீழே இருக்க முடியாது. இன்றைய மதிப்பீடுகள் பல, சுழலாத விண்மீனுக்கு 2.2ஐ ஒட்டி நிற்கின்றன.

இந்த இடத்தில்தான் ‘எல்லை’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. எல்லை என்றால் ஊருக்கு ஊர் நட்ட கல் போல அசையாதது என்று தோன்றும். வரம்பு வயலுக்கும் உண்டு. மண் போட்டு உயர்த்தலாம், மீறினால் உடைந்துவிடும். ‘நொதுமி விண்மீன் நிறை வரம்பு’ என்பேன். ஒன்று கவனிக்க: இலங்கைப் பாடநூல்களில் இதே நிறை ‘திணிவு’, அங்கே ‘நிறை’ என்றால் நாம் எடை என்பது. யாழ்ப்பாணத்து மாணவருக்கு எழுதினால் ‘திணிவு வரம்பு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.