டிஸ்பாரிட்டி: வேறுபாடா, ஏற்றத்தாழ்வா?

“வயது வந்த திருநர்களிடையே உளநலம் மற்றும் பதார்த்தப் பாவனை வேறுபாடுகள்.” திருகோணமலையில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளில் கைக்கு வரும் தாள்களில் இப்படியொரு தலைப்பு, சிறு மாற்றங்களோடு, திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. திருநர்களுக்கும் ஏனையோருக்கும் உளநலத்திலும் போதைப்பொருள் பாவனையிலும் இருக்கும் இடைவெளியைத்தான் சொல்ல வருகிறார்கள்; ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மட்டுமே புரிகிற தமிழ் இது. ‘மற்றும்’ இருக்கட்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் அழ வேண்டும். இப்போது என் வழக்கு, அந்த மூலத்தில் இருக்கும் ‘டிஸ்பாரிட்டி’ (disparity) என்ற சொல்லை ‘வேறுபாடு’ ஆக்கியவர்களோடு.

லத்தீனில் ‘பார்’ என்றால் சமம், ஒப்பு. ‘டிஸ்’ அதை மறுக்கும் முன்னொட்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் இவ்வளவுதான். பொதுச் சுகாதாரத் துறையில் இதன்மேல் இன்னொரு பொருளும் ஏறியிருக்கிறது. நலவாழ்வில் எந்த இடைவெளி அநீதியானது என்பதற்கு 1990 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவுக்காக மார்கரெட் வைட்ஹெட் ஓர் அளவுகோல் தந்தார்: தேவையற்றது, தவிர்க்கக்கூடியது, நியாயமற்றது. இன்று ‘டிஸ்பாரிட்டி’ என்று எழுதும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அந்த மனக்குறையோடுதான் எழுதுகிறார்கள்.

‘வேறுபாட்டில்’ அந்தக் குறை எங்கே இருக்கிறது? உப்புவெளிக் கடலுக்கும் உட்துறைமுகத்து நீருக்கும் இருப்பது வேறுபாடு. அதற்கு யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2015 இல் 27,715 திருநர்கள் பங்கேற்ற கணக்கெடுப்பில், முந்திய ஒரு மாதத்தில் கடும் உளத்துயரில் இருந்தவர்கள் 39 சதவீதம். அந்நாட்டுப் பொதுமக்களில் 5 சதவீதம். கஞ்சா, பிற சட்டவிரோதப் போதைப்பொருட்கள், மருத்துவர் சொல்லாமல் எடுத்த மருந்துகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அந்த மாதத்தில் பாவித்தவர்கள் 29 சதவீதம், பொதுமக்களில் 10. இதற்கு ‘வேறுபாடு’ என்று தலைப்பிட்டால் வாசகர் என்ன நினைப்பார்? அவர்கள் பிறவியிலேயே வேறு மாதிரி, ஆகவே உளநலமும் வேறு மாதிரி என்றுதான் நினைப்பார். வீட்டை விட்டுத் துரத்தியவர், வேலை தர மறுத்தவர், வாடகை அறையின் கதவைச் சாத்தியவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லில் தப்பிவிடுகிறார்கள்.

நம் நாட்டுக் கதையும் அப்படித்தான். 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவும் திருநர்கள்மேல் பாய்ச்சப்பட்டிருக்கின்றன. 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழியே பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வந்தது; அதற்கும் உளமருத்துவரிடம்தான் போய் நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ 2019 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தன் நோய்ப் பகுப்பின் 11 ஆம் பதிப்பில், திருநராக இருப்பதை உளக்கோளாறுகளின் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே வெளியேற்றப்பட்டதை நம் மொழிபெயர்ப்பாளர் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டி வருகிறார்.

தூய தமிழ் ஆர்வலர்கள் சிலர் ‘ஒப்பின்மை’யைச் சொல்வார்கள். லத்தீனோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது, தமிழோடுதான் பொருந்தவில்லை. ஒப்பில்லாதவர் என்றால் நிகரற்றவர். ஒப்பிலியப்பனைக் குறைபட்டவர் என்று யாரும் கும்பிடுவதில்லை. ‘ஒவ்வாமை’ என்றால் உடல் அரிக்கிறது. குறளின் ‘சிறப்பொவ்வா’வில் இருக்கும் ‘சமமாகாத’ என்ற பழம்பொருளை மீட்கலாம் என்பவருக்கு என் வணக்கம், மருந்துக்கடை அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘சமனிலி’ கணிதப் பாடத்தில் குடியேறிவிட்டது. ‘அசமத்துவம்’ பொருளில் பிழையில்லை, ஆனால் அதை வாயால் சொல்லும் ஒரு மனிதரை மூதூரிலும் கிண்ணியாவிலும் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

ஏற்றத்தாழ்வு அப்படியல்ல. சாதியைப் பற்றியும் செல்வத்தைப் பற்றியும் சண்டை பிடிக்க நாம் கைவசம் வைத்திருக்கும் சொல் அது. யாரோ ஏறி நிற்கிறார், அதனால் இன்னொருவர் தாழ்ந்து கிடக்கிறார் என்ற குற்றச்சாட்டு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குறையும் உண்டு: ‘உளநல ஏற்றத்தாழ்வு’ என்று உருபை விழுங்கிவிட்டால், ஒருவரின் மனநிலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பொருள் போய்விடும். ‘உளநலத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வு’ என்று விரித்து எழுதினால் அந்தக் குழப்பம் தீரும்.

அடுத்தது ‘திருநர்களிடையே’. தமிழில் இதன் பொருள் அவர்களுக்குள்ளேயே என்பதுதான். திருநங்கையையும் திருநம்பியையும் ஒப்பிடுகிறார்களோ என்று தோன்றும். அதுவும் ஆராய வேண்டியதே, ஆனால் தாளின் உள்ளே இருப்பது அந்த ஒப்பீடு அல்ல. ‘திருநர்களுக்கும் ஏனையோருக்கும் இடையே’ என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

‘பதார்த்தம்’ பந்தியில் பரிமாறுவது. கசிப்பும் கஞ்சாவும் ஐஸும் புழங்கும் ஊரில், மதுசாரம், போதைப்பொருள் பாவனை என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக ‘சிறுபான்மை அழுத்தம்’ வேறு: ஒதுக்கப்படும் சிறு கூட்டத்தினர்மேல் அந்த ஒதுக்கலாலேயே கூடுதலாக விழும் உளச்சுமை. ஒருபால், இருபால் ஈர்ப்பினரை வைத்து 2003 இல் ஆய்வாளர் இலான் மேயர் விரித்தெழுதி, பின்னர் திருநர்களுக்கும் பொருத்தப்பட்ட கருத்து அது. திருகோணமலையில் ‘சிறுபான்மை’ என்று தொடங்கினால் கேட்பவர் தேர்தல் முடிவை எதிர்பார்ப்பார். வடகிழக்கின் உளநலப் பணியாளர்களிடம் ‘உளநெருக்கீடு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘ஒதுக்கப்படுவதால் வரும் உளநெருக்கீடு’ என்று எழுதலாமே. நீளமாக இருக்கிறது என்று முறையிடுவார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு அதில் என்ன நட்டம்?