ஸ்டாக் என்றால் கட்டை, பங்கு இல்லை

வேட்டைத் துப்பாக்கி பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்தேன். 'பங்கின் நீளம் உங்களுக்குப் பொருந்த வேண்டும்' என்று வந்தது. அடுத்த வரியில் 'இழுவை நீளம்' வேறு. சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான், ஆனால் இந்த ஸ்டாக் என்ற சொல்லைப் பிடித்து இழுத்தால் அது நேராக நம் விறகுக் கொட்டகைக்கே வந்து நிற்கிறது.

பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் அடிமரம், வெட்டி விட்ட மரக்கட்டை. இங்கிலாந்தில் கடன் கணக்கை ஒரு குச்சியில் வெட்டுக்குறி போட்டு, நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்வார்கள். கடன் கொடுத்தவன் கையில் இருந்த பெரிய துண்டுக்குப் பெயர் ஸ்டாக்; கருவி சொன்ன 'பங்கு' என்ற பொருளுக்கு வழி இதுதான். (1834இல் இந்தப் பழைய குச்சிகளை மொத்தமாக எரிக்கப்போய் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது, அது தனிக்கதை.) துப்பாக்கியில் குழலையும் விசையையும் தாங்கி, தோளில் வந்து ஊன்றும் மரப்பகுதிதான் ஸ்டாக். நல்லவற்றுக்கு வால்நட் மரம்.

சரி, தமிழில் என்ன? புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 'துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கட்டை. ஆங்கிலச் சொல்லின் வேரும் அதுவே. துப்பாக்கி என்ற சொல்தான் துருக்கிய 'துஃபெக்'கின் உறவு, ஈழத்துத் 'துவக்கு'ம் அந்த வழிதான், கட்டை நம்முடையது.

'இழுவை நீளம்' என்று கருவி சொன்னது விசையிலிருந்து கட்டையின் பின்முனை நடுவரை உள்ள தூரம். இரண்டு விசை இருந்தால் முன்விசையிலிருந்து அளக்க வேண்டும். கடையில் வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 14 முதல் 14.5 அங்குலம் இருக்கும். 'கட்டை நீளம்' என்றாலே போதும், யாருக்கும் குழப்பம் வராது. முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள் பாருங்கள், அதை நம்பாதீர்கள், அது கையை அளக்கிறதே தவிர கழுத்தையும் கன்னத்தையும் அளப்பதில்லை. தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு, தோளில் ஏற்றி, விசைக் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டை குட்டையாக இருந்தால் சுடும்போது அந்தக் கட்டைவிரலே மூக்கில் குத்தும், கண்ணில் நீர் வந்துவிடும். நீளமாக இருந்தால் ஏற்றும்போது அக்குளில், சட்டையில் சிக்கும்.

அடுத்தது 'ஃபிட்'. பொருத்தம் என்றால் ஜாதகம் ஞாபகம் வருகிறது. எனக்குப் பிடித்தது வாகு. 'கைக்கு வாகா இருக்கு' என்று அரிவாளுக்கும் அகப்பைக்கும் சொல்கிறோமே, அதேதான். ரவைத் துப்பாக்கிக்கு (ஷாட்கன், ஒரே குண்டுக்குப் பதில் சிறு ரவைகளைச் சிதறவிடுவது) வாகு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரைஃபிளில் இருப்பதுபோல் அதில் பின்குறி, அதாவது கண்ணருகே இருந்து குறிபார்க்க உதவும் பாகம், கிடையாது, முனையில் ஒரு சின்ன மணி மட்டும். பின்குறி உங்கள் கண்தான், அந்தக் கண் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது கன்னம் பதியும் கட்டையின் மேல்விளிம்பு. கண் 3 மில்லிமீட்டர் விலகினால் 35 மீட்டரில் ரவை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் விலகிப் போகும்.

கண்ணை மூடித் தோளில் ஏற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். துப்பாக்கியின் முதுகு கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. குழலின் மேற்பட்டை முழுதும் ஓடுபாதைபோல் நீண்டு தெரிந்தால் உயரம். இந்தத் தாழ்வுக்குத் தையற்காரர் சொல்லும் 'இறக்கம்' அப்படியே பொருந்தும். வலக்கைக்காரருக்குக் கட்டையைச் சற்று வலப்புறம் வளைத்திருப்பார்கள், அதை 'ஒதுக்கம்' என்கிறேன். லண்டன் துப்பாக்கிக் கடைகளில் எல்லா மூட்டும் அசையும் ஒரு துப்பாக்கியை ஆளின் தோளில் வைத்து, திருகித் திருகி அளவெடுப்பார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் கொடுக்கிறோமில்லையா, இது அளவுத் துப்பாக்கி.

ஆட்டத்தைப் பொறுத்தும் வாகு மாறும். நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய டிராப்பில் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் போட்டி) துப்பாக்கியைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டே தட்டைக் கூப்பிடலாம். தட்டு மேலெழும்பிப் பறப்பதால் கட்டையின் மேல்விளிம்பு சற்று உயரமாக இருக்கும். ஒலிம்பிக்கின் இன்னொரு தட்டுப் போட்டியான ஸ்கீட்டில் தட்டு தெரியும்வரை கட்டை இடுப்போரம்தான் இருக்க வேண்டும், சட்டென்று ஏற்றியாக வேண்டும், அதனால் பலர் கொஞ்சம் குட்டையான கட்டையை விரும்புகிறார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: கனத்த கோட்டு போட்டால் அதுவே கால் அங்குலம் தின்றுவிடும். கட்டையின் பின்முனையில் மெல்லிய தகடுகளை வைத்து, கோடையில் ஒன்றைச் சேர்த்து, பனிக்காலத்தில் கழற்றிவிடுகிறார்கள்.