ஸ்கேன் செய்த அறிவிப்பை யார் படிப்பது?

மறுபடியும் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பு, மறுபடியும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீடும் அதற்குள்ளேதான் இருக்கிறது. பார்வையற்ற விண்ணப்பதாரர் திறந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் ஒரு சொல்கூட வராது.

அறிவிப்பு வெளியிட்டவர்களைக் கேட்டால், "தெளிவாகத்தானே இருக்கிறது, பெரிதாக்கியும் படிக்கலாமே" என்கிறார்கள். ஐயா, என்விடிஏ, டாக்பேக் மாதிரியான திரைவாசிப்பான்களுக்குத் தெளிவு பொருட்டில்லை. கோப்புக்குள் எழுத்து, படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்க வேண்டும். ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரியே தேர்வாகவில்லையென்றால் அது வெறும் படம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுந்தால் பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. பாமினியில் அடித்த 'அம்மா', கணினிக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்'தான். தேடினாலும் சிக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டாயிற்று. டிடிபி ஆபரேட்டர் மேல் இன்னும் எத்தனை நாள் பழி போடுவது?

யூனிகோடில் அடித்திருந்தாலும் பிடிஎஃப்பை நம்ப முடியாது. பல மென்பொருள்கள் 'கொ'வைக் கொம்பு, ககரம், கால் என்று பிய்த்துச் சேமிக்கின்றன, வாசிப்பான் உளறும். அதனால் செய்தியைத் தளத்திலேயே சாதாரணப் பக்கமாகப் போடுங்கள். அட்டவணை அட்டவணையாகவே இருக்கட்டும், தலைப்பு வரிசையோடு. கையொப்பமும் முத்திரையும் வேண்டுமென்றால் ஸ்கேனைக் கீழே இணைப்பாகக் கொடுங்கள், யார் தடுத்தார்கள்?

மூலக்கோப்பு தொலைந்திருந்தால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருள் தமிழ் படிக்கும். ஆனால் தேதி, கட்டணம், வயது வரம்பை ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டே ஆக வேண்டும். பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள்; அது தமிழ்க் குப்பையாகத் திரும்பி வரும்.

இணையப் பக்கத்தின் நிரலில் மொழிக்குறியீடு தமிழுக்கான 'டிஏ' என்று இருக்கிறதா பாருங்கள். வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறியீடு 'ஈஎன்' அப்படியே கிடந்தால் தமிழை ஆங்கிலக் குரல் படிக்கப் போகும். சில குரல்கள் வாயே திறக்காது. படங்களுக்கு 'படம் 1' என்று விவரம் எழுதுவது வேலை செய்ததாகக் கணக்குக் காட்ட மட்டுமே உதவும். வெளிர்சாம்பல் எழுத்து வேண்டாம்: எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும். பெட்டிகளுக்கு உயரத்தைப் பூட்டிவைக்காதீர்கள், 200 சதவீதம் பெரிதாக்கினால் எழுத்து பாதியில் வெட்டுப்படும். தவறாக நிரப்பிய கட்டத்தைச் சிவப்பாக்கினால் போதாது. என்ன தவறு என்று எழுதுங்கள்.

தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட அணுகல் வசதிப் பொத்தானை வாங்கி ஒட்டிவிட்டு "முடிந்தது" என்பவர்களுக்கு: மேலே சொன்ன அடிப்படைக் குறைகளை அது சரிசெய்யாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. எண்ணிம (டிஜிட்டல்) அணுகல் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதெல்லாம் கிடக்கட்டும். தளம் செய்து தருபவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், தயவுசெய்து மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஒரு விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.